திரையில் வளையம், கோடு, நிழல்: எந்த அடுக்கில் கோளாறு என்று பார்ப்பது எப்படி?

போன மாதம் அத்தை அழைத்தார். "போன் திரைக்குள் எண்ணெய் இறங்கிவிட்டது போலிருக்கிறது. வானவில் மாதிரி வளையம் வளையமாகத் தெரிகிறது. கடையில் காட்டினேன். டிஸ்ப்ளே போய்விட்டது, டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த காம்போவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, நேரில் போய் வாங்கிப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். கிளாஸ் கையோடு வந்தது. வானவில்லும் அதோடு வந்துவிட்டது. அடியில் இருந்த திரை வாங்கிய நாளில் இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது.

படத்தில் இல்லாத ஏதோ ஒன்று தொடுதிரையில் தெரிந்தால் நம் சந்தேகம் நேராக டிஸ்ப்ளேயின் மேல் போய் விழுகிறது. ஆனால் விரலுக்கும் படத்துக்கும் நடுவில் பல அடுக்குகள் இருக்கின்றன. கோளாறு எந்த அடுக்கில் என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். பல நேரம் முழுச் செலவும் மிச்சம். அந்த அடுக்குகளை மேலிருந்து கீழாகச் சோதித்துப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மைக்ரோஃபைபர் துணி, இன்னொரு போன், இருட்டான ஓர் அறை. இவை போதும்.

என்னென்ன அடுக்குகள்

எல்லாவற்றுக்கும் மேலே நாம் ஒட்டும் காப்புக் கண்ணாடி. அதன் அடியில் போனோடு வந்த மூடு கண்ணாடி. அதற்கும் அடியில் விரலை உணரும் அடுக்கு: பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்னும் ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் வரையப்பட்ட, கண்ணுக்கு எளிதில் தெரியாத கட்டம். பிறகு, ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலரைசர் படலம். அதன் கீழேதான் படம் உருவாகும் பலகம், எல்சிடி அல்லது ஓஎல்இடி. எல்சிடி என்றால் அதன் முதுகில் ஒரு வெள்ளை விளக்குத் தட்டும் உண்டு. ஓஎல்இடி என்றால் பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒவ்வொன்றும் தானே எரியும். புதிய போன்கள் பலவற்றில் தொடு அடுக்கும் பலகமும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாமல் சேர்ந்தே வருகின்றன. 'டச் தனியாகக் கிடைக்காது, காம்போவாகத்தான் போட வேண்டும்' என்று கடைக்காரர் சொல்வது அதனால்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை.

இந்த அடுக்குகளுக்கு இடையில் காற்று இருக்கிறதா, பசை இருக்கிறதா என்பதில்தான் பாதிச் சூட்சுமம். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. நடுவில் ஒரு காற்று இடைவெளி இருந்தால் அதற்கு மேலொரு பரப்பு, கீழொரு பரப்பு. ஆகச் சுமார் 8 சதவீதம். கேட்பதற்குச் சிறியதாக இருக்கலாம். மொட்டை மாடியில் நண்பகல் வெயிலில் நின்று பார்த்தால் அந்த 8 சதவீத வெயிலே எழுத்தை மறைத்துவிடும். அடுக்குகளைப் பசையால் ஒட்டி, காற்றை வெளியேற்றிவிட்டால் இந்தப் பிரதிபலிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். 2010இல் வந்த ஐஃபோன் 4 அப்படித்தான் ஒட்டப்பட்டிருந்தது. ஐபேட் வரிசையில் 2014இல் வந்த ஏர் 2 வரை அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. விலை குறைந்த ஐபேடில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறையிலும் இடைவெளி இருந்தது. ஆகவே டேப்லட் வாங்கும்போது 'லேமினேட் செய்த திரையா' என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். ஒட்டாத திரையின் பிரதிபலிப்பைப் பின்னால் எந்தப் படலத்தை ஒட்டியும் உள்ளிருந்து நீக்க முடியாது.

முதலில் மூன்று சோதனைகள்

முதல் சோதனை ஸ்கிரீன்ஷாட். கோடோ புள்ளியோ நிழலோ தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை அதே போனில் பார்க்காதீர்கள். புதிதாகச் சோதிப்பவர்கள் தவறாமல் விழும் பள்ளம் இது: கெட்ட திரையில் பார்த்தால் நல்ல படத்திலும் கோடு தெரியத்தான் செய்யும். இன்னொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் கோடு இருந்தால் கோளாறு மென்பொருளில். செயலியைப் புதுப்பிப்பது, போனை அணைத்துப் போடுவது, நாம் நிறுவிய செயலிகள் இயங்காத பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோட்) தொடங்கிப் பார்ப்பது என்று போகலாம், கடைக்குப் போக வேண்டாம். அங்கு படம் சுத்தமாக இருந்தால் கோளாறு கண்ணாடி, பலகம், இணைப்பு இவற்றில் எங்கோ இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. திரை முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது, ஆனால் ஸ்கிரீன்ஷாட் சரியாக இருக்கிறது என்றால் பலகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரவில் நீல ஒளியைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது. அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மாலை 6 மணிக்கு மேல் மட்டும் திரை மஞ்சளாகிறது என்று யாராவது சொன்னால் விடையும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது சோதனைக்குப் போனை அணைத்துவிட்டு, ட்யூப் லைட்டின் பிம்பம் திரையில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். வளையம், குமிழி, எண்ணெய்த் தடம், கீறல் ஆகிய மேலடுக்குச் சங்கதிகள் எல்லாம் திரை அணைந்திருக்கும்போதும் தெரியும். திரை எரியும்போது மட்டும் தெரிவது பலகத்தைச் சேர்ந்தது. நல்ல வெயிலில் இப்படிப் பார்க்கும்போது சில போன்களில் மிக மெல்லிய கட்டமோ புள்ளி வரிசையோ தெரியும். அது தொடு அடுக்கின் வரைவு. கோளாறு இல்லை, அதைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம்.

மூன்றாவது சோதனை இருட்டறையில். வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு வெற்றுப் பக்கங்களைத் திரை முழுக்க விரித்துப் பாருங்கள். படம் வரையும் எந்தச் செயலியிலும் ஒரு நிறத்தைக் கொட்டி இவற்றை நீங்களே செய்துகொள்ளலாம். இந்த ஆறில் சாம்பல் பக்கம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் ஒளிந்துகொள்ளும் கறைகள் சாம்பலில் வெளியே வந்துவிடும். கறுப்புப் பக்கத்தில் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் அது எல்சிடி. நல்ல ஓஎல்இடியில் கறுப்பு என்றால் விளக்கே அணைந்த கறுப்பு.

கை எண்ணெயும் வியர்வைத் துளியும்

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்துப் பேசியிருந்தால், திரையில் தெரியும் வானவில் கீற்றுகள் மழை நாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் காட்டும் நிறங்களின் உறவுதான். மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன. வியர்வைத் துளி வேறு வேலை செய்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. அதனடியில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஜிம்மில் போனைப் பார்த்துவிட்டு 'பிக்சல் கெட்டுவிட்டது' என்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துடைக்கும் முறை எளிது. அணைத்த திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். போகாவிட்டால் துணியின் ஒரு முனையை இலேசாக நனைத்துத் துடைத்து, காய்ந்த முனையால் மறுபடி ஒருமுறை. திரவத்தை நேராகத் திரையின் மேல் தெளிக்க வேண்டாம். ஒலிபெருக்கித் துளைக்கு அது வழி கண்டுபிடித்துவிடும். சட்டை முனை, வேட்டி நுனி எல்லாம் கைக்கு எட்டும் வசதிதான், ஆனால் அதில் ஒட்டியிருக்கும் மணல் துகள் கண்ணாடியில் மெல்லிய கீறலைப் போட்டுவிடும். மூடு கண்ணாடியின் மேல் எண்ணெய் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு உண்டு. வீட்டில் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவங்களும் பற்பசை வைத்தியமும் அந்தப் பூச்சைத் தேய்த்துவிடும். பற்பசையால் கீறல் போகும் என்று பரவும் வீடியோக்கள் ஒரு கீறலை எடுத்து நூறு நுண்கீறல் வைப்பவை.

காப்புக் கண்ணாடி: அதிகத் தொல்லை தரும் அடுக்கு

அத்தையின் போனில் நடந்தது இங்கேதான். கடைகளில் கிடைக்கும் மலிவான டெம்பர்டு கிளாஸ் சிலவற்றில் பசை ஓரத்தைச் சுற்றி மட்டுமே இருக்கும். நடுவில் வெறும் காற்று. கண்ணாடி சற்று வளைந்து அந்தக் காற்று இடைவெளி ஒளியின் அலைநீளம் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் சில பங்கு அளவுக்குக் குறுகும் இடங்களில் வண்ண வளையங்கள் தோன்றும். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இவற்றை அளந்து எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே, 1665இல், இராபர்ட் ஹூக் இதேபோன்ற நிறங்களைப் பார்த்து எழுதிவிட்டார். பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. விரலால் அழுத்தினால் வளையம் நகர்ந்து விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் நியூட்டன் வளையம். சந்தேகமே வேண்டாம்.

ஓரப் பசைக் கண்ணாடிகள் திரையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடிப்புறத்தில் நுண்புள்ளிகளைப் பதித்திருப்பார்கள். வெள்ளைப் பின்னணியில் அந்தப் புள்ளிகளும் தெரியும், தொடுதலும் மந்தமாகும். எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி '9டியா, 11டியா' என்பதல்ல. அவை விற்பனைப் பெயர்கள். 'ஃபுல் க்ளூவா, ஓரம் மட்டும் க்ளூவா?' என்று கேளுங்கள். ஃபுல் க்ளூ என்றால் வளையப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

அத்தைக்கு ஃபுல் க்ளூ கிளாஸ் வாங்கி நானே ஒட்டினேன். கடையில் ஒட்டித் தருவார்கள்தான். ஆனால் தெருவைப் பார்த்த கல்லாப்பெட்டி மேசையில் ஒட்டும்போது தூசியும் சேர்ந்துதான் ஒட்டும். வீட்டில் செய்தால் இப்படிச் செய்யுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், கோடையில் மனம் வராது என்பதும் உண்மை. யாராவது வெந்நீரில் குளித்துவிட்டு வந்த குளியலறை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஈரக்காற்றில் பறக்கும் தூசி படிந்துவிட்டிருக்கும். கையைக் கழுவுங்கள், நூல் உதிரும் துண்டைத் தவிருங்கள். பெட்டியில் வரும் ஈரத் துடைப்பானால் திரையைத் துடைத்து, உலர் துடைப்பானால் மறுபடி துடையுங்கள். கடைசியாக அதோடு வரும் தூசி ஸ்டிக்கரைத் திரை முழுக்க ஒற்றி ஒற்றி எடுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் எஞ்சிய ஒன்றிரண்டு துகள்கள் நட்சத்திரம் போல மின்னும்.

அடுத்து, பசைத் தாளை உரிக்கும் முன்பே கிளாஸைத் திரையின் மேல் சரியான இடத்தில் வைத்து, இடது ஓரத்தில் இரண்டு செலோடேப் துண்டுகளால் போனோடு ஒட்டிவிடுங்கள். கிளாஸ் இப்போது புத்தக அட்டை போலத் திறந்து மூடும். திறந்து, பசைத் தாளை உரித்து, மெல்ல மூடுங்கள். இடம் தவற வழியில்லை. நடுவில் ஒரு விரலால் தொட்டால் போதும். பசை நீர் பரவுவது போலத் தானே ஓரத்தை நோக்கி ஓடும். அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையை நான் பிறருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

குமிழி நின்றுவிட்டால் அது காற்றா, தூசியா என்று பாருங்கள். நகத்தால் தள்ளும்போது நகர்ந்தால் காற்று, ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். ஓரிரு நாளில் சிறு குமிழிகள் தாமாகவே மறைவதும் உண்டு. நகராமல் நடுவில் ஒரு புள்ளியோடு நின்றால் தூசி. அந்தப் பக்கத்து மூலையைச் செலோடேப்பால் தூக்கி, இன்னொரு டேப் துண்டின் பசைப் பக்கத்தால் அந்தத் துகளைக் கிளாஸின் அடியிலிருந்து ஒற்றி எடுத்து மறுபடி படுக்க வைக்க வேண்டும். ஊதக் கூடாது. ஊதினால் ஒரு தூசி போய் எச்சில் வரும்.

ஓரம் சற்று வளைந்த போன்களில் தட்டையான கிளாஸை ஒட்டினால் விளிம்பில் வெள்ளை விளிம்புக்கோடு ஒன்று தெரியும். வளைவுக்கும் கிளாஸுக்கும் நடுவில் சிக்கிய காற்று அது. அந்த இடத்தில் தூரிகையால் எண்ணெய் தடவினால் உடனே மறைந்துவிடும். எண்ணெயின் ஒளிவிலகல் கண்ணாடிக்கு அருகில் இருப்பதால் பிரதிபலிப்பு போய்விடுகிறது. பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், செய்யாதீர்கள். சில வாரங்களில் எண்ணெய் தூசியைச் சேர்த்துக் கறுத்த விளிம்பாகிவிடும், பசையையும் இளக்கிவிடும். திரவப் பசையை ஊற்றி யூவி (புற ஊதா) விளக்கில் உறைய வைக்கும் கிளாஸ் வளைந்த திரையில் மிகச் சுத்தமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பசை உறைவதற்குள் ஒலிபெருக்கி, பொத்தான், சிம் தட்டு எதற்குள்ளும் கசியலாம். அவற்றை டேப்பால் அடைக்காமல் ஊற்றும் கடையில் போனைக் கொடுக்க வேண்டாம். விளிம்புக்கோடு மட்டும்தான் உறுத்துகிறது என்றால், திரையைவிட ஓரிரு மில்லிமீட்டர் சிறியதாக வெட்டிய கிளாஸ் போதும்.

பிரதிபலிப்புக்குப் பயந்து மேட் படலம் ஒட்டுபவர்களுக்கு ஒரு சொல். அதன் சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து ட்யூப் லைட்டின் பிம்பத்தை மங்கச் செய்கிறது. அதே சொரசொரப்பு பிக்சலிலிருந்து வரும் ஒளியையும் சிதறடிக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் சர்க்கரை தூவியது போல வண்ணப் பொடி மினுங்கும். பிக்சல்கள் நெருக்கமாக உள்ள திரையில் இது அதிகம். டேப்லட்டில் பேனாவால் வரைபவர்களுக்கு மேட் படலம் கொடுக்கும் காகித உணர்வு வேண்டியிருக்கலாம். படம் பார்ப்பவர்களுக்கு அது நஷ்டம்.

வெயில் கண்ணாடி போட்டால் திரை கறுப்பு

பைக்கில் போனைக் குறுக்காக மாட்டியிருக்கிறீர்கள், போலரைஸ்டு வெயில் கண்ணாடி போட்டதும் வரைபடம் இருண்டுவிடுகிறது. திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. கண்ணாடி அதற்குக் குறுக்குத் திசையை மட்டும் விடுகிறது. போனை 90 பாகை திருப்பி மாட்டுங்கள், அவ்வளவுதான். இருளுக்குப் பதில் வண்ணத் திட்டுகள் தெரிந்தால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தின் வேலை அது. இழுத்து நீட்டித் தயாரித்த பிளாஸ்டிக் ஒளியின் அதிர்வுத் திசையை இடத்துக்கு இடம் திருப்பிவிடும்.

பலகத்தின் சொந்தக் கோளாறுகள்

எனக்குத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் தம் போனைக் காலை முதல் இரவு வரை வண்டியில் மாட்டி, முழு வெளிச்சத்தில் வழிகாட்டிச் செயலியை ஓட்டுவார். சாம்பல் பக்கத்தை விரித்துக் காட்டினேன். மேலே திருப்பம் சொல்லும் பட்டையின் செவ்வகம், கீழே மீதி நேரம் காட்டும் பெட்டி, நடுவே நீல அம்பின் நிழல். எல்லாம் மங்கலான மஞ்சளில் அப்படியே பதிந்திருந்தன. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் விளக்கு; அதிகம் எரிந்தது அதிகம் தேயும். நீலம் மற்ற இரண்டைவிட வேகமாகத் தேய்வதால் அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறது.

இந்தத் தேய்மானத்தைத் திருப்ப முடியாது. 'பத்து மணி நேரம் ஓடவிட்டால் சரியாகும்' என்று நிறங்களை மின்னவைக்கும் வீடியோக்கள் செய்வதெல்லாம் தேயாத பகுதியையும் தேய்ப்பதுதான். வருமுன் காப்பதற்குத்தான் வழி உண்டு: வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், வழிகாட்டிச் செயலியை இருள் தோற்றத்துக்கு மாற்றுங்கள், கீழே எப்போதும் நிற்கும் மூன்று பொத்தான் பட்டையை மறைத்துச் சைகை முறைக்கு வாருங்கள், திரை அணையும் நேரத்தை 30 நொடிக்குக் குறையுங்கள். எப்போதும் மணி காட்டும் திரையில் கடிகாரம் சற்றுச் சற்று இடம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். தேய்மானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. ஓட்டுநருக்கு நான் சொன்னது வேறு: பழைய எல்சிடி போன் ஒன்றை வண்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்சிடியிலும் நிழல் தங்குவது உண்டு, ஆனால் பெரும்பாலும் அது தற்காலிகம். சில மணி நேரம் அணைத்து வைத்தால் போய்விடும்.

இரவில் வெளிச்சத்தைக் குறைத்ததும் கண் வலிக்கிறது, தலை கனக்கிறது என்பவர்கள் திரை துடிக்கிறதா என்று சோதிக்கலாம். பல ஓஎல்இடி போன்கள் ஒளியைக் குறைக்கப் பிக்சலை மங்கச் செய்வதில்லை. நொடிக்குச் சில நூறு முறை அணைத்து ஏற்றுகின்றன. இன்னொரு போனின் கேமராவைக் கைமுறை அமைப்பில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு மேல் கூட்டி, அந்தத் திரையைப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. அமைப்புகளில் டிசி டிம்மிங் அல்லது துடிப்பு குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. வெளிச்சப் பட்டையைப் பாதிக்கு மேலேயே வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 12 முதல் வந்திருக்கும் கூடுதல் மங்கல் வசதியையோ, ஐஃபோனில் வெண்புள்ளியைக் குறைக்கும் வசதியையோ பயன்படுத்துங்கள். பலகம் அதிகம் துடிக்காமல், படத்தின் நிறமே மங்கும். இதற்கு விலை: வானம் போன்ற நிறச்சரிவுகளில் படிக்கட்டு போலப் பட்டைகள் தெரியலாம். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

இருளில் கறுப்புப் பின்னணியை வேகமாக உருட்டும்போது எழுத்துக்குப் பின்னால் ஊதா நிறத் தடம் இழுபடுவதும் ஓஎல்இடியின் இயல்பு. முழுவதும் அணைந்த பிக்சல் மறுபடி எரியச் சற்று நேரம் எடுக்கிறது. செயலியில் முழுக் கறுப்புக்குப் பதில் கருஞ்சாம்பல் தோற்றம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், தடம் மறையும்.

திரையைப் படம் எடுத்தால் அலை அலையாக வருவது

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைகள் நடுவில் தோன்றி, ஒன்றை இலேசாகத் திருப்பினால் ஓடும். பிக்சல் கட்டத்தின் மேல் கேமரா உணரியின் கட்டம் படியும்போது அதே கதைதான். இதற்கு முவாரே என்று பெயர், அலைப் பளபளப்புள்ள பட்டுத்துணியிலிருந்து வந்த சொல். வகுப்பறைகளின் பெரிய தொடு பலகைகள் சிலவற்றில் தொடு அடுக்கே நுண்ணிய உலோகக் கம்பி வலையாக இருக்கும். அதைப் பிக்சல் வரிசைக்கு நேராக வைக்காமல் ஒரு கோணத்தில் சாய்த்து வைப்பது இந்த அலையைத் தவிர்க்கத்தான்.

வங்கிச் செயலித் திரையையோ கடையின் கணினியையோ படம் எடுக்க வேண்டியிருந்தால் சற்றுப் பின்னால் போய் ஜூம் செய்யுங்கள், கேமராவைச் சில பாகை சாய்த்துப் பாருங்கள். தூரமும் கோணமும் மாறினால் அலை மாறும். ஏதோ ஓரிடத்தில் மறையும். அலைக்குப் பதில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது வேறு. ஷட்டரை 1/60 நொடிக்கோ அதற்கும் மெதுவாகவோ குறையுங்கள். கேமரா அமைப்பில் துடிப்புத் தடுப்பு 50 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்; இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அறை விளக்கின் பட்டைகள் அதில் அடங்கும். சொந்தத் திரை என்றால் இந்தப் பாடெல்லாம் எதற்கு, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன்

மேலிருந்து கீழ்வரை ஓடும் பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடு, மை கொட்டியது போலப் பரவும் கறுப்பு, பாதித் திரை இருளுதல்: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் இல்லை. பச்சைக் கோட்டுக்குச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களில் இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன, ஆகவே தெருக்கடைக்கு முன்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். வெளிக்கடையில் பிரித்துப் பார்த்த போன் அந்தச் சலுகையை இழந்துவிடக்கூடும்.

எல்சிடியில் நடுவில் வெள்ளைத் திட்டு தெரிகிறது, திரை விளிம்பு உடலிலிருந்து சற்று மேலெழுந்திருக்கிறது என்றால் திரையை மறந்துவிடுங்கள். பேட்டரி உப்பி அடியிலிருந்து தள்ளுகிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள், அணைத்துவிட்டு அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

காம்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 'ஒட்டுவதற்கு முன் இணைத்துக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கேட்காமலேயே அப்படித்தான் செய்வார். ஓஎல்இடி போனுக்கு இன்செல் என்ற பெயரில் மலிவான எல்சிடியைப் போடுவது உண்டு. கறுப்புப் பக்கத்தை விரித்துக் கல்லாவின் அடியில் இருட்டில் பிடித்துப் பார்த்தால் சாம்பலாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். திரைக்குள் இருக்கும் கைரேகை உணரியும் அதில் வேலை செய்யாது. சாம்பல் பக்கம், வெள்ளைப் பக்கம், தானியங்கி வெளிச்சம், நான்கு மூலைகளிலும் தொடுதல். இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம். பசை தடவிய பிறகு பார்த்தால் அந்தக் காம்போவைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.